கேட்டபோதெல்லாம் ஊறிய தமிழ்
(மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்க்கை வரலாறு)

பத்தாம் வகுப்பு மாணவி

கதை எழுத வேண்டும், கவிதை எழுத வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தவுடன் எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறோம். கற்பனை என்பது கோடை மழையைப் போன்றது, அது தானாக வரும்போதுதான் எழுத முடியும் என்று காத்திருப்போர் சிலர். பிறர் கொடுத்த தலைப்பில் எழுதுவது வெறும் கட்டுரைப் பயிற்சிதான், அதில் உயிர் இராது என்று எண்ணுவோர் சிலர். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக வைத்துச் சென்ற பெரும்புலவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவரே மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஏறத்தாழ 80 நூல்களை இயற்றிய அவர், அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிறர் வந்து கேட்டுக்கொண்டதனாலேயே பாடினார். கேட்டவர்க்கு இல்லை என்னாமல் பாடிய அப்பெரியாரின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அதவத்தூர் என்னும் சிற்றூரில் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை. தாயார் அன்னத்தாச்சி. முன்னோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பணி செய்து வந்த குடும்பத்தினர். ஆகவே பிள்ளைக்கும் மதுரைக் கடவுளின் பெயரே சூட்டப்பட்டது.

தந்தையாரே அவருடைய முதல் ஆசிரியர். அந்நாளில் அச்சுப் புத்தகங்கள் அரியவை. பனையோலைச் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு நிகண்டு, அந்தாதி, பிள்ளைத்தமிழ், இலக்கணம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். மீனாட்சிசுந்தரம் விளையாட்டைவிடப் பாடத்தையே மிகுதியாக விரும்பினார். சிறுவயதிலேயே செய்யுள் இயற்றும் பழக்கமும் அவருக்கு வந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஏறத்தாழ 15 வயதானபோது தந்தையார் காலமானார். இன்று பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் வயதில் குடும்பத்தின் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. படிப்பு அத்துடன் நின்றிருக்கக் கூடும். அவர் நிற்க விடவில்லை.

தெருத்தெருவாகக் கற்ற கல்வி

திருச்சிராப்பள்ளியில் எந்த வீட்டில் எந்தச் சுவடி உண்டு, எந்தப் புலவர் எந்த நூலில் வல்லவர் என்று விசாரித்து விசாரித்து அவர் கற்றார். சுவடியை இரவல் வாங்கிவந்து தம் கையாலேயே படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார்.

அக்காலத்தில் அந்நகரில் வீடு வீடாக ஐயமெடுத்து உண்ணும் பரதேசி ஒருவர் இருந்தார். அவர் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலில் தேர்ந்தவர் என்று பிள்ளை அறிந்தார். ஆனால் அந்தப் பெரியவரோ எளிதில் பாடம் சொல்லுகிறவர் அல்லர். இளைஞர் மீனாட்சிசுந்தரம் அவர் பின்னாலேயே தெருத்தெருவாகச் சென்றார். அவருக்கு வேண்டிய சிறு பணிவிடைகளைச் செய்தார். அவர் மனம் இரங்கிய நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் கேட்டு அந்நூலைக் கற்று முடித்தார். பிச்சை எடுப்பவர் பின்னால் செல்வதா என்று அவர் வெட்கப்படவில்லை. கல்வி எந்தக் கையில் இருந்தாலும் அந்தக் கையை வணங்கிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

பிறகு சென்னைக்கும் சென்று அங்கிருந்த பெரும்புலவர்களிடம் தமக்கிருந்த ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அங்கேதான் மகாவித்துவான் என்னும் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது.

கேட்டவர்க்குப் பாடிய புலவர்

அவருடைய புகழ் பரவப் பரவ, பல ஊர்களிலிருந்தும் மக்கள் அவரைத் தேடி வந்தனர். எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தமிழில் புராணம் இல்லை, நீங்கள் பாடித்தர வேண்டும் என்பார்கள். அந்த ஊரைப் பற்றிய வடமொழிக் கதையையோ, முதியோர் சொல்லிவந்த செய்திகளையோ கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுதான் அவருக்குத் தலைப்பு. இப்படி அவர் பாடிய தலபுராணங்கள் மட்டும் 22. உறையூர்ப் புராணம், நாகைக் காரோணப் புராணம், அம்பர்ப் புராணம் ஆகியவை அவற்றுட் சில.

தலபுராணத்துக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. கடவுள் வாழ்த்து, அவையடக்கம், நாட்டின் சிறப்பு, நகரத்தின் சிறப்பு, தீர்த்தத்தின் பெருமை என்று வரிசை மாறாமல் செல்ல வேண்டும். 22 முறையும் ஆறு பாய்கிறது, வயல் விளைகிறது, மாடங்கள் உயர்கின்றன என்று அதையே பாட வேண்டும். ஆயினும் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கக் கூடாது. எத்தனை கடினமான வேலை!

பிள்ளைத்தமிழும் அப்படித்தான். தெய்வத்தையோ பெரியோரையோ சிறு குழந்தையாகப் பாவித்துப் பாடுவது அது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பத்துப் பருவங்கள். பருவத்துக்குப் பத்துப் பாட்டாக நூறு பாட்டுப் பாடுவது மரபு. அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வா என்று நிலாவை அழைக்க வேண்டும். வராவிட்டால் கெஞ்ச வேண்டும், ஆசை காட்ட வேண்டும், கடைசியில் மிரட்டவும் வேண்டும். இத்தகைய பிள்ளைத்தமிழ் நூல்களைப் பிள்ளை 10 பாடியிருக்கிறார். பத்துக் குழந்தைகளுக்காகப் பத்துமுறை அதே நிலாவைப் புதிதாக அழைத்தார் என்றால் அவருடைய கற்பனை வளத்தை என்னென்று சொல்வது!

அவர் பாடும் முறையும் வியப்பானது. தாமே எழுத்தாணி பிடித்து எழுதுவது அரிது. செய்யுளை மனத்துக்குள் அமைத்துக்கொண்டு வாயால் சொல்லுவார். அருகில் மாணவர் ஒருவர் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார். இடையில் யாராவது வந்து பேசினால் அவரோடு பேசி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எழுதுகிறவரின் கை ஓயுமேயன்றி, சொல்லுகிறவரின் தமிழ் ஓயாது.

இது வரம் என்று சிலர் கூறலாம். ஆனால் அவர் இளமையில் கற்ற நூல்களையும், ஒருநாள்கூட விடாமல் செய்த பயிற்சியையும் நினைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். எங்கள் முல்லையாற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். நேற்றுத் தோண்டிய குழியை இன்று மணல் மூடிவிடும். இன்றும் தோண்டுகிறவருக்கே இன்று தண்ணீர் கிடைக்கும்.

கிறிஸ்தவ நண்பர்

மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பிள்ளை பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே முன்சீபாக இருந்தவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த வேதநாயகம் பிள்ளை. 1826இல் பிறந்து 1889இல் மறைந்த அவரே தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர். பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்று அந்நாளிலேயே வற்புறுத்தி எழுதியவர். பெண் பிள்ளைகளாகிய நாம் என்றும் நன்றியோடு நினைக்க வேண்டிய பெரியார்.

ஒருவர் திருநீறு அணிந்த சைவர். மற்றவர் செபமாலை ஏந்திய கத்தோலிக்கர். இருவரையும் தமிழ் உயிர்த்தோழர் ஆக்கிற்று. வேதநாயகம் பிள்ளை சீகாழியில் முன்சீபாக இருந்த காலத்தில் அவருடைய விருப்பத்தின்படி சீகாழிக்கோவை பாடப்பட்டது. பின்னர் அந்த நண்பரையே தலைவராக வைத்து, அவர் பிறந்த ஊரின் பெயரால் குளத்தூர்க்கோவை என்னும் நூலையும் மகாவித்துவான் பாடினார்.

அவருடைய மாணவர் கூட்டமும் அப்படியே சமரசமானது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார், நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவர் மாணவரிடம் சம்பளம் வாங்கியதில்லை. தாமே சோறும் போட்டுப் பாடமும் சொன்னார்.

தளிர் தேடிய மாணவர்

1871ஆம் ஆண்டு, 16 வயது நிரம்பிய ஓர் இளைஞர் தம் தந்தையாருடன் மாயூரம் வந்து அவரிடம் சேர்ந்தார். அவருக்குச் சாமிநாதன் என்று பெயர் வைத்தவரே மகாவித்துவான்தான். பிற்காலத்தில் தமிழ்த்தாத்தா என்று உலகம் போற்றிய உ.வே. சாமிநாதையர் அவர். தொடக்கத்தில் ஆசிரியர் அவரை மூத்த மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் படிக்கச் சொன்னார். அந்தணர் வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவ அண்ணனிடம் தமிழ் கற்ற காட்சி எவ்வளவு அழகானது!

ஆனால் சாமிநாதனுக்கு ஆசிரியரிடமே நேரில் பாடம் கேட்க ஆசை. மகாவித்துவானுக்குச் செடி கொடிகளின்மேல் அளவற்ற அன்பு. காலையில் தோட்டத்துக்குப் போய், நட்ட மரங்களில் எங்கேனும் புதிய தளிர் விட்டிருக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே நடப்பார். இதைக் கவனித்த சாமிநாதன், ஆசிரியர் வருமுன்பே விடியற்காலையில் எழுந்து மரம் மரமாகத் தளிரைத் தேடிக் கண்டு வைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் இதோ இங்கே, அதோ அங்கே என்று காட்டுவார். ஆசிரியரின் முகம் மலரும். அந்த அன்பின் வழியாகவே நேரில் பாடம் கேட்கும் பேறும் அவருக்குக் கிடைத்தது.

நாள்தோறும் அதே தோட்டம், அதே மரங்கள். ஆயினும் தேடுகிறவருக்கு நாள்தோறும் ஒரு புதுத் தளிர் அகப்பட்டது. கவிதைக்குப் பொருள் தேடுவதும் இப்படித்தான் அன்றோ?

பாடம் சொல்வதோடு ஆசிரியர் நின்றுவிடவில்லை. ஒரு கருத்தைச் சொல்லி இதைச் செய்யுளாக்கு என்பார். ஈற்றடியை மட்டும் கொடுத்து மற்ற அடிகளை நிரப்பச் சொல்வதும் அக்காலத் தமிழ்ப் பயிற்சியின் ஒரு பகுதி. அவர் எழுதும் கடிதங்களும் ஒரு செய்யுளோடு தொடங்குவது வழக்கம். ஆகவே அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குப் பாட்டு என்பது பண்டிகை நாளில் மட்டும் உடுத்தும் பட்டாடையாக இல்லை. அன்றாடம் உண்ணும் சோறாக இருந்தது.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. 1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவிக்குச் சாமிநாதையர் சென்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அவரைச் சோதித்தனர். கொடுத்த கருத்தை வைத்து அந்த இடத்திலேயே செய்யுள் இயற்றி அவர் அனைவரையும் மகிழ்வித்தார். பதவியும் கிடைத்தது.

பேரும் பொருளும்

பிறர் கேட்டுப் பாடும் வாழ்க்கை எல்லா நேரத்திலும் இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. புராணம் பாடி முடித்ததும் அந்த ஊரில் சபை கூட்டி அரங்கேற்றுவார்கள். சால்வையும் பணமும் அளிப்பார்கள். அந்தப் பணத்தைக் கொண்டுதான் குடும்பமும் மாணவர்களும் உண்ண வேண்டும். கை நிறையப் பெற்றாலும் கை நிறையக் கொடுத்தவர் ஆதலால் கடனும் அவரை விடவில்லை.

குசேலோபாக்கியானம் என்னும் நூல் வல்லூர் தேவராசப் பிள்ளையின் பெயரால் வெளிவந்தது. ஆனால் அதை இயற்றியவர் மகாவித்துவானே என்று உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாறு கூறுகிறது. வறுமையில் வாடிய குசேலரின் கதையைப் பாடிய கவிஞர், அப்பாட்டின் பெயரைக்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. இது பெருந்தன்மையா, அல்லது அக்காலப் புலவர் வாழ்க்கையின் துயரமா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவு பாடிய அவருடைய நூல்களை இன்று படிப்பவர்கள் மிகச் சிலரே. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், காலம் போயிற்று, பல நூல்கள் நூலகத்தில் உறங்குகின்றன. அப்படியானால் பிறர் கொடுத்த தலைப்பில் பாடியது வீணா? இல்லை. அவருடைய நூல்களிலும் சேக்கிழார் பிள்ளைத்தமிழைத் தமிழறிந்தோர் இன்றும் தனியே எடுத்துப் போற்றுகின்றனர். பெரியபுராணத்தில் அவர் வைத்திருந்த பக்தி அதில் பாட்டுக்குப் பாட்டு ததும்புகிறது. தலைப்பை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதற்குள் வைக்கும் அன்பை எழுதுகிறவர்தாம் கொடுக்க முடியும். இந்த வேறுபாட்டை அவருடைய வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மறைவு

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்தக் கடைசி வேளையில் அவருடைய உடலைத் தம் மார்பில் தாங்கிக்கொண்டிருந்தவர் கிறிஸ்தவ மாணவராகிய சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். சமயம் வேறாயினும் அன்பு ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவர் மறைந்தாலும் அவர் பயிற்றிய கை ஓயவில்லை. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றித் தமிழுக்கு மீட்டுத் தந்தார். ஓலைச்சுவடியைப் பொறுமையோடு படித்து, சிதைந்த இடத்தில் எந்தச் சொல் இருந்திருக்கும் என்று ஆராயும் திறமைக்குச் செய்யுள் பயிற்சி எவ்வளவு துணை செய்திருக்கும்! பின்னர் தம் ஆசிரியரின் வரலாற்றையும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டு நன்றிக்கடன் செலுத்தினார்.

நமக்கு ஒரு பாடம்

கடல் கடந்த பிரான்சு நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. லிசியே நகரில் கார்மேல் மடத்துக் கன்னியராக இருந்து 1897இல் 24 வயதில் மறைந்த புனித குழந்தை தெரசம்மாளை நாம் அனைவரும் அறிவோம். அவர் 50க்கு மேற்பட்ட கவிதைகள் எழுதியிருக்கிறார். அவற்றுள் பல, உடனிருந்த சகோதரிகள் தங்களுக்காக எழுதித் தரும்படி கேட்டதனால் பிறந்தவை. உலகமெங்கும் படிக்கப்படும் அவருடைய வரலாறுகூட, மடத்துத் தலைவியாக இருந்த அவர் அக்காளின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து 1895இல் எழுதத் தொடங்கியதே. கீழ்ப்படிதல் அவருடைய கற்பனையை அடைக்கவில்லை. அதற்கு வாசல் திறந்தது.

எனவே தோழியரே, நம் தமிழாசிரியைகள் வாரந்தோறும் ஒரு தலைப்புக் கொடுத்தால் அதைச் சுமை என்று எண்ண வேண்டாம். தலைப்புக் கொடுப்பார் இல்லாத நாளில் நமக்கு நாமே ஒன்று கொடுத்துக்கொள்வோம். நம் மார்க்கையன்கோட்டையில் தலைப்புக்கா பஞ்சம்? மேற்கே மேகம் படியும் மலை இருக்கிறது. நாற்று நடும் பெண்களின் பேச்சு இருக்கிறது. தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் இருக்கின்றன. பந்தலில் தொங்கும் திராட்சைக் குலைகள் இருக்கின்றன.

மகாவித்துவான் 22 ஊர்களின் நாட்டு வளத்தைப் பாடினார். ஆனால் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது 1895இல். அவர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நீர் இங்கே பாய்ந்தது. அந்த நீரையும், அதனால் பசுமையான இந்த மண்ணையும் பாடும் வேலையை அவர் செய்திருக்க முடியாது. அது நமக்காகக் காத்திருக்கிறது.

வாரம் ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் 52 பக்கம் ஆகும். முதலில் எழுதியவை நமக்கே பிடிக்காமல் போகலாம். ஆயினும் தளிர் தேடும் கண் நமக்குப் பழகிவிடும். எழுதும் வரத்தை இறைவன் ஒவ்வொருவருக்கும் ஓரளவு தந்திருக்கிறார். அதை மண்ணில் புதைத்து வைக்காமல், அன்றன்று எடுத்துப் புழங்கிப் பெருக்குவோமாக!